காது கேட்காத அம்மாவும் லில்லியன் கிஷ்ஷும்

அம்மாவுக்கு 81 வயது. மூன்று வருடமாகக் காது கேட்பதில்லை. மெஷின் வாங்கிக் கொடுத்தோம். "தலைக்குள்ள யாரோ பாத்திரம் தேய்க்கிற மாதிரி இருக்குடி" என்று இரண்டே நாளில் கழற்றி, பட்டுப்புடவைகளோடு பீரோவில் பத்திரமாக வைத்துவிட்டாள்.

சீரியல் பார்க்க முதலில் டி.வி. சத்தத்தைக் கூட்டினோம். மாடி வீட்டிலிருந்து ஆள் வந்து சொன்ன பிறகு குறைத்தோம். அதோடு அம்மா டி.வி. பக்கம் வருவதையே நிறுத்திவிட்டாள். அதைவிட மோசம், என் பேச்சும் சுருங்கிப்போனது. "சாப்பிட்டியா?", "மாத்திரை போட்டியா?" இரண்டும் தெருவுக்கே கேட்கும்படி. கத்திச் சொன்னால் அன்பான வார்த்தைகூட சண்டை மாதிரித்தான் இருக்கிறது. அதனால் மற்றதையெல்லாம் சொல்லாமலே விட்டுவிட்டேன். அம்மா ஜன்னலைப் பார்ப்பாள், நான் போனைப் பார்ப்பேன்.

என் மகன் விஸ்காம் படிக்கிறான். காலேஜில் ஏதோ பழைய மௌனப் படம் பார்த்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள் என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி டி.வி.யில் போட்டான். 'வே டவுன் ஈஸ்ட்', 1920-ல் வந்த அமெரிக்கப் படம். இருபது நிமிஷத்தில் அவனுக்குத் தூக்கம் வந்துவிட்டது. நான் ஆஃப் பண்ணப் போனபோது, பின்னாலிருந்து ஒரு குரல்: "இருக்கட்டும்டி."

அம்மா எப்போது வந்து உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை.

ஆனா என்ற ஏழைப் பெண். பட்டணத்துப் பணக்காரன் ஒருவன் அவளை மயக்கி, போலிப் பாதிரியாரை வைத்துப் பொய்யாகக் கல்யாணம் செய்துகொள்கிறான். நடுநடுவே வரும் ஆங்கில வரிகளை அம்மாவுக்குச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். "நீ சும்மா இரு. அந்தப் பாதிரியார் மூஞ்சியே சரியில்லை, இது பொய்க் கல்யாணம்" என்றாள். எனக்கே அப்போதுதான் புரிந்தது!

ஆனாவுக்குக் குழந்தை பிறக்கிறது, இறந்தும்போகிறது. அவள் வேலைக்குச் சேர்ந்த பண்ணை வீட்டில் பழைய கதை தெரிந்ததும், கொட்டும் பனியில் வெளியே விரட்டிவிடுகிறார்கள். மயங்கி விழுகிறாள், பனிப்பாளத்தில் படுத்தபடி ஆற்றோடு போகிறாள். ஒரு கையும் கூந்தலும் தண்ணீரில் கிடந்து இழுபடுகின்றன. அம்மா என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். படம் இரண்டு மணி நேரத்துக்கு மேல். அவள் அசையவே இல்லை.

முடிந்ததும் கேட்டாள். "யாருடி இந்தப் பொண்ணு? அந்தக் கை நிஜமாவே தண்ணியிலயா இருந்துச்சு?"

எனக்குத் தெரியாது. அன்று ராத்திரி உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன், இன்னும் நிறுத்தவில்லை.

பெயர் லில்லியன் கிஷ். ஓஹியோ மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் 1893-ல் பிறந்தவர். அப்பா குடித்தார், குடும்பத்தைக் கைவிட்டார். அம்மா மேரி இரண்டு பெண் குழந்தைகளைக் காப்பாற்ற நாடக மேடை ஏறினார், குழந்தைகளும் ஏறினார்கள். 1902-ல் லில்லியனின் முதல் நாடகம். தங்கை டாரதி இன்னும் பொடிசு. சில சமயம் அம்மா ஒரு கம்பெனியில், பெண்கள் வேறு கம்பெனியில் என்று ஊர் ஊராக ரயிலில் அலைந்திருக்கிறார்கள். ஒன்பது வயதுக் குழந்தையை அப்படி அனுப்பிவிட்டு அந்தத் தாய் எப்படித் தூங்கியிருப்பார் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

நியூயார்க்கில் இவர்களோடு ஒன்றாகத் தங்கியிருந்த இன்னொரு நாடகக் குழந்தை கிளாடிஸ் ஸ்மித். 1912-ல் ஒரு சினிமாவில் அவளைப் பார்த்துவிட்டு அக்காவும் தங்கையும் பயோகிராஃப் ஸ்டுடியோவுக்குப் போனார்கள். கிளாடிஸ் அதற்குள் மேரி பிக்ஃபோர்டு ஆகியிருந்தாள். அங்கே இயக்குநர் டி.டபிள்யூ. கிரிஃபித்துக்கு இவர்கள் இருவரில் யார் யாரென்று அடையாளம் தெரியவில்லையாம். லில்லியன் தலையில் நீல ரிப்பன், டாரதி தலையில் சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டு, 'நீலம்', 'சிவப்பு' என்றே கூப்பிட்டு ஒத்திகை பார்த்தாராம். பயம் எப்படி வருகிறது என்று பார்க்க, துப்பாக்கியை எடுத்துக் கூரையைப் பார்த்துச் சுட்டார் என்று லில்லியனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். நானாக இருந்தால் அப்படியே வீட்டுக்கு ஓடியிருப்பேன். அவர்கள் ஓடவில்லை. 'அன் அன்சீன் எனிமி' அப்படித்தான் வந்தது.

பனிப்பாளத்துக்கு வருகிறேன். வெர்மான்ட் மாநிலத்தில் நிஜ ஆற்றில், நிஜக் குளிரில் எடுத்த காட்சிகள் அவை. கையையும் கூந்தலையும் தண்ணீரில் விடலாம் என்பது லில்லியனின் சொந்த யோசனை. திரும்பத் திரும்ப அப்படிப் படுத்திருக்கிறார். கூந்தல் உறைந்துபோனது. அந்தக் கை விரல்களில் வலி ஆயுள் முழுக்கத் தீரவில்லை.

மறுநாள் காலையில் இதைச் சொல்லத்தான் அம்மாவிடம் போனேன். கத்தவில்லை. எதிரே உட்கார்ந்து, என் விரல்களை மடக்கி, முகத்தைச் சுளித்து, "சாகிற வரைக்கும் வலி" என்று மெதுவாகச் சொன்னேன். "ஐயோ பாவம்" என்று அம்மா தன் விரல்களைத் தேய்த்துக்கொண்டாள். என் வாயைப் பார்த்து அவளுக்கு இவ்வளவு புரியும் என்று மூன்று வருடமாக எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தோம். 'புரோக்கன் பிளாசம்ஸ்' (1919). அப்பனிடம் அடிவாங்கும் சிறுமி, சிரி என்று அவன் மிரட்டும்போது இரண்டு விரலால் உதட்டோரங்களைத் தூக்கிச் சிரிப்பை வரவழைக்கிறாள். அதுவும் லில்லியனே யோசித்தது. அம்மா பாதியில் எழுந்து போய்விட்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்ப வந்தாள். 'தி விண்ட்' (1928) படத்துக்கு மொஹாவி பாலைவனத்தில் விமானத்தின் காற்றாடிகளை ஓடவிட்டு மணலை வீசியடித்திருக்கிறார்கள். அம்மா ஜன்னலைச் சாத்தச் சொன்னாள்.

'தி பெர்த் ஆஃப் எ நேஷன்' மட்டும் போடவில்லை. 1915-ல் வந்த பெரிய வெற்றிப் படம், லில்லியன்தான் கதாநாயகி. ஆனால் கறுப்பின மக்களைக் கேவலமாகக் காட்டி, கு கிளக்ஸ் கிளான் கும்பலை வீரர்களாக்கிய படம். லில்லியன் கடைசிவரை கிரிஃபித்தை விட்டுக்கொடுக்கவில்லை. 2019-ல் ஓஹியோவில் ஒரு பல்கலைக்கழகம் தன் அரங்கத்திலிருந்து கிஷ் சகோதரிகளின் பெயரை எடுத்துவிட்டது. அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. வருத்தம் வந்தது, அது வேறு.

1926-ல் 'தி ஸ்கார்லெட் லெட்டர்' எடுத்துக்கொண்டிருந்தபோது, லண்டனில் இருந்த அம்மாவுக்குப் பக்கவாதம் என்று தந்தி வந்திருக்கிறது. இயக்குநரும் குழுவும் இரவு பகலாக வேலை செய்து மீதியை அவசரமாக முடித்துக் கொடுக்க, லில்லியன் கிளம்பிப் போனார். மேரி கிஷ் 1948-ல் இறக்கும்வரை பெண்கள்தான் பார்த்துக்கொண்டார்கள். லில்லியன் கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

பேசும் படம் வந்ததும் சினிமா அவரைக் கைவிட்டது. அவர் அழுதுகொண்டிருக்காமல் பழையபடி நாடக மேடைக்குப் போய்விட்டார். 1936-ல் பிராட்வேயில் ஜான் கில்குட் ஹாம்லெட், இவர் ஒஃபீலியா. அப்போது வயது 43!

கடைசிப் படம் 'தி வேல்ஸ் ஆஃப் ஆகஸ்ட்', 1987. வயதான இரண்டு சகோதரிகளின் கதை, உடன் நடித்தவர் பெட்டி டேவிஸ். லில்லியனுக்கு 93 வயது, காதும் மந்தமாகியிருந்தது. 1993-ல் நூறை நெருங்கும்போது காலமானார்.

இதை எப்படியாவது அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்று தேடிப்பிடித்துப் போட்டேன். "இவங்கதான் அந்தப் பனிக்கட்டிப் பொண்ணு. உன்னைவிடப் பன்னிரண்டு வயசு பெரியவங்க" என்று எதிரே உட்கார்ந்து சொன்னேன். அம்மா திரையையே உற்றுப் பார்த்தாள்.

"கண்ணு மட்டும் அப்படியே இருக்கு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இதுல வாயைத் திறந்து பேசிக்கிட்டே இருக்காங்களே, எனக்கு எதுக்கு? பழசையே போடுடி."

போட்டேன்.