1975-க்கு முன்னால் காலியாக இருந்த கட்டம்

கடந்த 2025 மே முதல் வாரம். டிஜிட்டல் டெஸ்க்கில் எனக்கு மதிய ஷிஃப்ட். "யூரோப்பா லீக் செமி ஃபைனலுக்கு ஒரு நார்வே டீம் வந்திருக்காம். பேரே வாயில நுழையல. இதுவரைக்கும் என்னென்ன ஜெயிச்சிருக்காங்கன்னு ஆறு கார்டு போட்டுடும்மா" என்றார் எங்கள் சீனியர்.

வாயில் நுழையாத அந்தப் பெயர் போடோ/கிளிம்ட். (அந்த ஊர்க்காரர்கள் 'பூடோ' என்பது போலத்தான் சொல்கிறார்கள். இதையும் நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.) போடோ, ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே கடலோரம் இருக்கும் ஊர். மக்கள்தொகை ஐம்பதாயிரத்தைக் கொஞ்சம் தாண்டும். ஸ்டேடியத்தில் சுமார் 8,000 பேர் உட்காரலாம். 'கிளிம்ட்' என்றால் மின்னல்போல ஒரு பளிச்.

கார்டு போடுவது எனக்குப் பழகிப்போன வேலை. ஆண்டு, கோப்பை, எண், நடுவில் ஓர் ஆச்சரியக்குறி. கிளப் தொடங்கியது 1916. நார்வே கோப்பை: 1975, 1993. லீக் சாம்பியன்: 2020, 2021, 2023, 2024. அவ்வளவுதான் பட்டியல். நார்வேயின் பெரிய கிளப்பான ரோசன்போர்க் 26 முறை லீக் சாம்பியன். அதில் 1992 முதல் 2004 வரை தொடர்ந்து 13 முறை! அதோடு பார்த்தால் இது சின்னப் பட்டியல்தான்.

சின்னப் பட்டியலை எப்படிச் சுவாரஸ்யமாக்குவது? 1975-ல் இருந்து 1916-ஐக் கழித்தேன். மூன்றாவது கார்டு தயார்: '59 வருஷம் ஒரு கோப்பைகூட ஜெயிக்காத டீம்!'

அன்று போட்டதிலேயே அதிகம் ஷேர் ஆனது அந்தக் கார்டுதான்.

மறுநாள் காலை ஒரு மெயில். அனுப்பியவர் யாழ்ப்பாணத்துக்காரர். 1980-களில் நார்வேக்குப் போய், வடக்கே மீன் தொழிற்சாலையில் வேலை பார்த்தவராம். அந்தக் காலத்தில் அப்படிப் போன ஈழத்தமிழர்கள் நிறைய பேர். அவர் எழுதியிருந்தது இதுதான்: "பிள்ளை, நீங்கள் போட்டது பிழை. 59 வருசம் அவையள் வெல்லேல்லை எண்டு எழுதியிருக்கிறீங்கள். அதிலை கன வருசம் அவையளை விளையாடவே விடேல்லை. உள்ளுக்கு விடாத ஆக்களைத் தோத்த ஆக்கள் எண்டு சொல்லலாமோ?"

முதலில் கோபம்தான் வந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். ஒரு கார்டுக்கு இவ்வளவா என்று நினைத்தபடியே தேட ஆரம்பித்தேன். அரை மணி நேரத்தில் முகம் சூடாகிவிட்டது.

நார்வே கோப்பை 1902-லிருந்து நடக்கிறது. ஆனால் வட நார்வே அணிகளுக்கு அதில் 1963 வரை அனுமதியே கிடையாது. தூரம் அதிகம், பயணச்செலவு அதிகம் என்றார்கள். அங்கே ஆட்டத்தின் தரம் போதாது என்ற நினைப்பும் தெற்கே இருந்தது. தூரம் பொய்யில்லை. ஆஸ்லோவிலிருந்து சாலை வழியாக 1,200 கிலோமீட்டர். போடோவுக்கு ரயில் வந்து சேர்ந்ததே 1962-ல்தான். ஆனால் தூரம் என்பது இரண்டு பக்கமும் ஒன்றுதானே! விளையாட முடியாமல் போனது மட்டும் ஒரு பக்கம்.

லீக்கின் கதை இன்னும் மோசம். மேல் டிவிஷனின் கதவு வடக்கு அணிகளுக்குத் திறந்தது 1972-ல். அதுவும் முழுசாகத் திறக்கவில்லை. இரண்டாம் டிவிஷனில் மூன்று பிரிவுகள்: தெற்கே இரண்டு, வடக்கே ஒன்று. தெற்குப் பிரிவுகளில் முதலிடம் பிடித்தால் நேராக மேலே போகலாம். வடக்கில் முதலிடம் பிடித்தவர்களோ, தெற்கில் இரண்டாம் இடம் பிடித்தவர்களோடு மறுபடி மோதி ஜெயிக்க வேண்டும். போடோ/கிளிம்ட் 1974-லும் 1975-லும் தன் பிரிவில் முதலிடம். இரண்டு முறையும் மேலே போகவில்லை.

அதே 1975-ல்தான், இரண்டாம் டிவிஷனில் இருந்துகொண்டே நார்வே கோப்பையைத் தூக்கினார்கள். வடக்கிலிருந்து அதை வென்ற முதல் அணி. ஒருவழியாக மேலே போன முதல் சீசனான 1977-ல் லீக்கில் இரண்டாம் இடம், கோப்பையில் இறுதிப்போட்டி வரை. உள்ளே விட்டதும் என்ன செய்தார்கள் பாருங்கள்! இதை நான் எப்படி '59 வருஷம் ஜெயிக்காத டீம்' ஆக்கினேன்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் பார்த்த பட்டியலிலேயே கீழே 'வட நார்வே கோப்பை' என்று ஒரு வரி இருந்தது. வெளியே விடப்பட்ட அணிகள் தங்களுக்குள் நடத்திக்கொண்ட போட்டி. 1930-களிலேயே கிளிம்ட் அதை வென்றிருக்கிறது. 'லோக்கல் கப்' என்று நினைத்து நான்தான் விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு வேலை முடிந்தும் அந்த கிளப்பை விட மனசு வரவில்லை. 2016-ல் கீழ் டிவிஷனுக்கு இறங்கிய அணி அது. அதற்கும் முன்னால் கையில் காசில்லாமல் தவித்தபோது, ஊர்க்காரர்கள் காலி பாட்டில்களைச் சேர்த்துக் கடையில் திருப்பிக் கொடுத்து, வந்த பணத்தை கிளப்புக்குத் தந்திருக்கிறார்கள். வீரர்களின் மனப்பயிற்சிக்கு வந்தவர் முன்னாள் போர் விமானி, பியோர்ன் மான்ஸ்வெர்க். ஜெயிப்பதைப் பற்றிப் பேசாதீர்கள், ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசுங்கள் என்பது அவர் பாணி. 2018-ல் தலைமைப் பயிற்சியாளரானார் செட்டில் க்னுட்சன். 2020-ல் 30 ஆட்டங்களில் 26 வெற்றி, ஒரே ஒரு தோல்வி, 103 கோல், 81 புள்ளி. வட நார்வேக்கு வந்த முதல் லீக் பட்டம் அது.

அடுத்த வருடம் அக்டோபர் 21-ம் தேதி ரோமா போடோவுக்கு வந்தது. பயிற்சியாளர், ஜோஸே மொரின்யோ. ஸ்கோர் 6-1. மொரின்யோவின் ஓர் அணி ஒரே ஆட்டத்தில் ஆறு கோல் வாங்கியது அதுதான் முதல் முறை. ஆறு கோலையும் நான் மூன்று முறை பார்த்துவிட்டேன். கேலரியில் ஆள் உயர மஞ்சள் டூத் பிரஷ்களை ஆட்டிக்கொண்டிருக்கிறார்கள்! 1970-களில் ரசிகர்களை ஒருங்கிணைத்துக் கோஷம் போட வைத்தவர், கையில் குச்சி இல்லாததால் டூத் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு ஆட்டினாராம். அதுவே அடையாளமாகிவிட்டது.

சீனியரிடம் போய் நின்றேன். "தப்புன்னா மாத்திடு. கீழே திருத்தம்னு ஒரு வரியும் போடு" என்றார். மூன்றாவது கார்டை எடுத்துவிட்டு வேறு எழுதினேன்: '1963 வரை நார்வே கோப்பையில் ஆட இவர்களுக்கு அனுமதி இல்லை. அனுமதி கிடைத்த 12 வருடத்தில் அதை வென்றார்கள்.' ஆச்சரியக்குறி வைக்கவில்லை.

மே 8, இரவு 12:30-க்கு போடோவில் செமி ஃபைனலின் இரண்டாவது ஆட்டம். வீட்டில் எல்லோரும் தூங்க, போர்வைக்குள் போனை வைத்துப் பார்த்தேன். முதல் ஆட்டத்தில் டாட்டன்ஹாம் 3-1. இதிலும் 0-2. முடிந்தது. கிளிம்ட் வெளியே. ஆனாலும் ஐரோப்பியப் போட்டி ஒன்றின் செமி ஃபைனலுக்கு வந்த முதல் நார்வே கிளப் இதுதான். காலிறுதியில் லாசியோவை அவர்கள் மண்ணிலேயே பெனால்டியில் வென்று வந்தது. ரோசன்போர்க்கின் 26 பட்டங்களுக்கு நடுவில் தேடினாலும் இது கிடைக்காது.

காலையில் அந்த ஐயாவுக்குத் திருத்திய கார்டை அனுப்பினேன். "இப்ப சரி, பிள்ளை. ராத்திரி பாத்தனீங்களோ?" என்று பதில் வந்தது. பார்த்தேன் என்று எழுதினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடும்ப வாட்ஸப் குரூப்பில் பெரியப்பா ஒரு படத்தை ஃபார்வர்ட் செய்திருந்தார். '59 வருஷம் ஒரு கோப்பைகூட ஜெயிக்காத டீம்!' அதற்குக் கீழே, "நம்ம பொண்ணு போட்டது" என்று பெருமையாக ஒரு வரி. "பெரியப்பா, அது தப்பு. சரியானதை அனுப்புறேன்" என்று போட்டேன். கைகூப்பும் எமோஜி வந்தது. பழைய படம் அதற்குள் இன்னும் இரண்டு குரூப்புக்குப் போய்விட்டிருந்தது.