நாற்பத்தேழும் பத்தும்

கலைப்பீட மாணவன் ஒருவன் மோட்டார் வாகனத்தின் பற்சக்கர விகிதங்களைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாகவும், வேறு சிலருக்கு அத்துமீறலாகவும் தோன்றக்கூடும். பொறியியற் பீட நண்பர்கள் என் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளலாம். கணக்கிலே பிழை இருக்கவில்லை. அதுதான் என்னை இன்றுவரை உறுத்துகின்றது.

என் தாய்மாமன் அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றின் கடைசிப் பிரிவில் வசிப்பவர். அவரிடம் ஒரு லாண்ட் ரோவர் உண்டு. 'சீரிஸ் த்ரீ' என்று வழங்கும் வகை. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 88 அங்குலம். இரண்டேகால் லீற்றர் டீசல் எஞ்சின். புதிதாக இருந்த காலத்திலேயே அந்த எஞ்சினுக்கு 62 குதிரைவலுதான். இன்று அதிற் சில குதிரைகள் இளைப்பாறப் போய்விட்டன என்றே கொள்ளவேண்டும். லயத்து மக்கள் வளர்க்கும் கரட்டையும் கோவாவையும் வாரம் மூன்று நாள் பண்டாரவளைச் சந்தைக்கு ஏற்றிச் செல்வதே அவருடைய பிழைப்பு. நோயாளரையும் பள்ளிப் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளையும் ஏற்றிச் செல்வது பிழைப்பல்ல. எனினும் அதையும் அவர்தான் செய்கிறார். எங்கள் பிரிவுக்கு வேறு வாகனம் கிடையாது.

பாதையைப் பற்றியுஞ் சொல்லவேண்டும். லயத்தடியிலிருந்து செங்குத்தாக இறங்கி, ஓர் ஓடையைக் கடந்து, எதிர்மலையில் ஒன்றரை மைல் ஏறினாற்றான் தார்ச்சாலை வரும். தோட்டத்தை வெள்ளையர் நடத்திய காலத்திற் பதித்த கருங்கற்கள் சில வளைவுகளில் இன்னும் கிடக்கின்றன; மற்ற இடமெல்லாம் செம்மண்ணும் நீர் அரித்த பள்ளங்களும். இந்தக் கற்களிலே வண்டியின் வயிறு அடிபடுகிறதென்று மாமா 2019ஆம் ஆண்டில் வில்லுத் தகடுகளை மாற்றி உடலை இரண்டு அங்குலம் உயர்த்தினார். அதனால் உடல் உயர்ந்ததேயன்றி, அச்சின் நடுவிலே பூசணிக்காய்போற் தொங்கும் டிபரன்ஷியல் உயரவில்லை. அச்சு, சக்கரத்தின் நடுவிற்றானே இருக்கும்? அதை உயர்த்தப் பெரிய டயரைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே 6.00-16 அளவு டயர்களைக் கழற்றிவிட்டு 7.50-16 பூட்டினார். வயிறு கல்லிலே தட்டுவது நின்றது. ஆனால் அதுவரை இரண்டாம் கியரில் ஏறிய ஏற்றங்களை முதலாம் கியரில் ஏறவேண்டியதாயிற்று.

இதன் காரணத்தை நான் அறிந்துகொண்டது 2022ஆம் ஆண்டில். எரிபொருள் நெருக்கடியால் விரிவுரைகள் தொலைவழியாக நடந்த மாதங்கள் அவை. தொலைபேசிச் சமிக்ஞை கிடைக்கும் பாறையொன்றில் அமர்ந்து பாடங் கேட்டுவிட்டு, மீதிப் பொழுதில் மாமாவோடு வண்டியடியிற் கிடந்தேன். டயரிலே சுண்ணக்கட்டியாற் கோடிட்டு, ஒரு முழுச் சுற்று உருட்டி, நிலத்தில் அளந்தேன். புதிய டயர் ஒரு சுற்றில் 96 அங்குலம் சென்றது. கோழிக்கூட்டருகே கிடந்த பழைய டயரை முன்சக்கரமொன்றிற் பூட்டி அளந்தபோது 86 அங்குலம். ஆக, எஞ்சின் அதே அளவு சுழல, வண்டி நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு கூடுதலாக ஓடுகிறது. அதே அளவுக்கு இழுவிசை குறைகிறது. வேகமானியோ இதை அறியாது. அது கியர்ப்பெட்டியின் கோலிலிருந்து கணக்கெடுப்பது. அதற்கப்பால் அச்சிலும் டயரிலும் நிகழ்வதற்கு அது பொறுப்பில்லை.

அடுத்து அச்சின் விகிதத்தை அறிய விரும்பினேன். ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜக்கில் உயர்த்தி, அதைக் கையாற் பத்துமுறை சுற்றினேன். அடியிலே ஓடும் புரொப்பெல்லர் கோலின் சுற்றுகளை மாமா எண்ணினார். இருபத்துமூன்றரை. 'விகிதம் 2.35' என்று கொப்பியிற் குறித்துக்கொண்டேன். மறுநாள் கராஜ் பாஸ் அதைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். ஒரு சக்கரம் நிலத்தில் நிலையாக நிற்க மற்றது மட்டுஞ் சுழன்றால், டிபரன்ஷியல் அந்த ஒன்றை இரட்டிப்பு வேகத்திற் சுழற்றிவிடுமாம். இரண்டையும் உயர்த்தி ஒன்றாகச் சுற்றினோம். சக்கரம் பத்துச் சுற்று, கோல் நாற்பத்தேழு. விகிதம் 4.7. என் பல்கலைக்கழகப் படிப்பைப் பற்றிப் பாஸ் ஒன்றுஞ் சொல்லவில்லை.

அப்போது ஒரு லீற்றர் டீசல் 460 ரூபா. அதுவும் வரிசையில் இரண்டு நாள் கிடந்தாற்றான். எப்படியாவது எரிபொருளை மிச்சம் பிடிக்க வேண்டுமென்பதே எல்லார் பேச்சுமாக இருந்தது. 1970இல் வெளிவந்த ரேஞ்ச் ரோவரின் டிபரன்ஷியல் 3.54 விகிதமுடையது என்றும், பழையவை எங்கள் வண்டியின் அச்சுக்குள் வெட்டுக் கொத்தின்றி அமரும் என்றும் பாஸ் ஒருநாள் பேச்சுவாக்கிற் சொன்னார். நான் கொப்பியை விரித்தேன். சிறிய டயரும் 4.7உம் இருந்த காலத்தில், தார்ச்சாலையில் மணிக்கு 40 மைல் செல்ல எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,650 முறை சுழலவேண்டும். பெரிய டயரோடு அது 2,370 ஆகிறது. 3.54ஐயும் போட்டால் 1,790 போதும். மூன்றிலொரு பங்கு உழைப்பு மிச்சம்! டீசலும் அதற்கேற்பக் குறையுமென்று எழுதி அடிக்கோடிட்டேன்.

பாஸ் ஒத்துக்கொள்ளவில்லை. "டயர் பெருசானா விகிதத்தையும் கூட்டணும் தம்பி, நீங்க கொறைக்கிறீங்களே" என்றார். அவர் சொன்னது சரியே. பழைய இழுவையை மீட்க வேண்டுமாயின் 4.7ஐப் பன்னிரண்டு பங்கு கூட்டி 5.25க்குக் கொண்டுசெல்லவேண்டும். வில்லிஸ் ஜீப்புகள் சிலவற்றில் 5.38 உண்டு; எங்கள் வண்டிக்கு அப்படியொன்று கிடைக்காது. ஏற்றத்துக்குத்தான் 'லோ' கியர் இருக்கிறதே என்று நான் வாதிட்டேன். லோவில் முதலாம் கியரின் மொத்த விகிதம் 40.6. 3.54ஐப் போட்டால் 30.6. பெரிய டயரையும் சேர்த்து நோக்கினால், பழைய நிலைமையில் 27க்குச் சமம். இந்த எண்ணையும் அதே பக்கத்தின் அடியில் எழுதியிருந்தேன். அடிக்கோடு மட்டும் இடவில்லை. மாமா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "படிச்ச புள்ள கணக்குப் போட்டுச் சொல்லுது" என்றார்.

ஐப்பசியில் ஒரு 3.54 கிடைத்தது. ஒன்றுதான். நாற்சக்கர வண்டியில் முன்னச்சும் பின்னச்சும் ஒரே விகிதத்தில் இருந்தாகவேண்டும். இன்றேல் முன்சக்கரங்கள் ஒரு வேகத்திலும் பின்சக்கரங்கள் இன்னொரு வேகத்திலும் சுழல முயன்று, இறுகிய தரையில் எதையாவது முறித்துவிடும். மற்றது இரண்டு வாரத்தில் வருமென்று பழைய சாமான் வியாபாரி உறுதி கூறியதால், கிடைத்ததைப் பின்னாற் பூட்டினோம். இந்த வண்டியில் சிவப்புப் பிடியை இழுத்து லோவுக்குப் போனால் முன்னச்சும் தானாகவே சேர்ந்துகொள்ளும். அதைத் தவிர்க்க முன் புரொப்பெல்லர் கோலையே கழற்றி வைத்தார் பாஸ். "மழ வந்தா எறக்காதீங்க" என்று இரண்டு முறை சொன்னார்.

முதல் வாரம் என் கணக்கே வென்றது. பண்டாரவளைச் சாலையில் எஞ்சின் முனகலின்றி ஓடியது. ஒரு பயணத்துக்கு ஒரு லீற்றரேனும் மிச்சமென்று மாமா ஊரெல்லாம் சொன்னார். வேகமானி 40 காட்டும்போது உண்மையில் 59 மைல் வேகத்தில் போய்க்கொண்டிருந்தோம் என்பதை மட்டும் நான் பிந்திக் கணக்கிட்டுத் திடுக்கிட்டேன்.

பத்தாம் நாள் இரவு மழை. நாலாம் காம்பராவிலிருந்த அக்காவுக்கு நாட்கணக்குக்கு முன்னரே நோவு கண்டுவிட்டது. 1990 அம்புலன்ஸ் தார்ச்சாலை வரைக்குந்தான் வரமுடியும். மாமா பாஸின் சொல்லை நினைத்தாரோ என்னவோ, வண்டியை எடுத்தார். பின்னால் அக்காவும் அவருடைய மாமியாரும் என் அம்மாவும், முன்னால் நான்.

இறங்கும்போதே வேறுபாடு தெரிந்தது. முன்பெல்லாம் லோவில் முதலாம் கியரைப் போட்டுவிட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கைத் தொடவேண்டியதில்லை. அன்று அது கைவிட்டு ஓடியது. மாமா பிரேக்கை மிதித்து மிதித்து ஓடையடிக்கு வந்து சேர்ந்தபோது கருகிய மணம். எதிரேற்றத்தின் இரண்டாம் வளைவிலே, அந்தக் கருங்கற்களின் மேல், எஞ்சின் மூச்சடங்கி நின்றது. மீண்டும் கிளப்பி, கிளச்சை அரைகுறையாகப் பிடித்துப் புகைய விட்டு ஏற்றினார். கல் முடிந்து செம்மண் தொடங்கியதும் பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்றன. முன்சக்கரங்களுக்கு இழுப்பில்லை. வண்டி மெல்லப் பக்கவாட்டிற் சரிந்து வாய்க்காலுக்குள் இறங்கியது. ஒருவருக்கும் அடியில்லை. அது முன்னச்சு இல்லாமையால் நேர்ந்ததா, விகிதத்தால் நேர்ந்ததா என்று பின்னர் பாஸும் நானும் நெடுநேரம் பேசியிருக்கிறோம். இரண்டும் என் கொப்பியிலிருந்து வந்தவையே.

லயத்துக்கு ஓடி ஆட்களை அழைத்து வந்தேன். அறுவர் வந்தனர், கம்பளியும் இரண்டு கம்பும் வந்தன. கம்பளியைத் தூளியாகக் கட்டி, அக்காவை அதிற் கிடத்தி, தோள் மாற்றித் தோள் மாற்றி மேலே தூக்கிச் சென்றோம். அம்மா லாம்பு பிடித்தார். என்னைப் பெறுவதற்கும் அம்மாவை அப்படித்தான் தூக்கிச் சென்றார்களாம். தூக்கியவர்களில் ஒருவர் மாமா. அந்தக் கம்பளி இனி வேண்டியதில்லை என்றுதானே பல்லைக் கடித்துக் கடன்பட்டு இந்த வண்டியை வாங்கினார். அன்றிரவு அவர் தூளியின் பின்கம்பைப் பிடித்திருந்தார். தார்ச்சாலை வரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. அம்புலன்ஸ் காத்துநின்றது. விடியுமுன்னர் பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். அந்தச் செய்தி வந்தபோதும் மாமா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொண்டிருக்கலாம்.

மூன்றாம் நாள் வண்டியை மேலேற்றினோம். அடுத்த கிழமை 4.7 பின்னச்சுக்குத் திரும்பியது. முன் கோலும் தன்னிடத்துக்கு வந்தது. சிறிய டயருக்குத் திரும்பலாமா என்று ஆராய்ந்தோம். டிபரன்ஷியல் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் தாழும். கற்கள் அப்படியேதான் கிடக்கின்றன. எனவே பெரிய டயரும் 4.7உமாகவே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. லாண்ட் ரோவர்க் கம்பனியே தனது 109 அங்குல வண்டிக்கு 7.50-16 டயரோடு 4.7ஐத்தான் வைத்து விற்றது என்பது ஓர் ஆறுதல். தார்ச்சாலையில் எஞ்சின் வேகத்தைக் குறைக்க, கியர்ப்பெட்டியின் பின்னாற் பூட்டும் ஓவர்டிரைவ் ஒன்றும் உண்டு. வேண்டியபோது மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். ஏற்றத்திலே எதையும் பறிக்காது. எங்களுக்கு ஏற்றது அதுவே. அதன் விலையைக் கேட்டபின் மாமா அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

இப்போதும் விடுமுறைக்குப் போகும்போது வண்டி இரண்டாம் வளைவில் லோவில் முதலாம் கியரில் உறுமிக்கொண்டு, நடப்பவனைவிடச் சற்றே விரைவாக ஏறுகின்றது. பள்ளிப் பிள்ளைகள் இறங்கி முன்னே ஓடிப் போட்டி போடுகிறார்கள். 3.54 வீட்டின் பின்னால், சாக்குச் சுற்றிக் கிடக்கிறது. சென்ற சித்திரையில் அதை விலைக்குக் கேட்டு வெளியூர் இளைஞர் ஒருவர் வந்தார். உயர்த்திய வண்டி, பெரிய டயர். மாமா விலையைச் சொல்லவில்லை. "எந்தப் பாதையில ஓடப் போறீங்க தம்பி?" என்று கேட்டார். அவர் சொல்லச் சொல்ல, பக்கத்திலிருந்த என்னைப் பார்த்துக் கொப்பியை எடுத்துவரச் சொன்னார்.