பில்லில் இல்லாத பெயர்

இடப்பக்கக் கீல் கொஞ்ச நாளாகவே முனகிக்கொண்டிருந்தது. வாங்கிய பத்தாவது மாதம், ஒரு காலையில் மூடியைத் திறந்தபோது ஓரத்து பிளாஸ்டிக் வாய்பிளந்து, உள்ளிருந்து மிளகளவு பித்தளை நட்டு ஒன்று மேசையில் உருண்டது. 31,000 ரூபாய் மடிக்கணினி. விலை குறைந்த கணினிகள் பலவற்றில் உலோகக் கீலை, பிளாஸ்டிக்கில் சூடாக்கிப் பதித்த நட்டுகளில்தான் முடுக்கியிருப்பார்கள். கீல் விறைப்பானது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்த இழுவையை பிளாஸ்டிக் தாங்க வேண்டும். ஒருநாள் விட்டுவிடும்.

ஓராண்டு வாரண்டி உண்டு, நாமே தூக்கிக்கொண்டு போக வேண்டிய வாரண்டி. இரண்டு பேருந்து மாறிப் போனேன். சர்வீஸ் சென்டர் தம்பி பார்த்த மாத்திரத்தில், "பிசிகல் டேமேஜ் மேடம், வாரண்டில வராது. கீழ போட்டீங்களா?" என்றார். இல்லை. "வீட்ல பசங்க யாராவது?" இல்லை, தம்பி. மேல் பேனலையே மாற்ற வேண்டுமாம். கீபோர்டு அதோடு சேர்த்து உருக்கி ஒட்டியது, தனியே கழலாது. 7,400 ரூபாய். பிறகு பில்லைப் பார்த்தார். "சார் வரலையா?"

பில்லில் என் கணவர் பெயர் இருந்தது. பணம் என் சம்பளக் கணக்கிலிருந்து போனது. கடையில் போன் நம்பர் கேட்டபோது அவர் பழக்கத்தில் தன்னுடையதைச் சொன்னார். நான் பக்கத்தில் நின்று கார்டின் பின் நம்பரை அழுத்திக்கொண்டிருந்தேன். கேஸ், மின் இணைப்பு, வாடகை ஒப்பந்தம் எல்லாம் அப்படித்தானே என்று அன்று எனக்கு உறைக்கவேயில்லை. வகுப்பில் பெண் கவிதை நடத்துகிறவள் நான்.

புகாரைப் பதிய ஓடிபி அவர் போனுக்குப் போனது. அவர் மீட்டிங்கில் இருந்தார். ஆறு எண்களுக்காக முக்கால் மணிநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்து ஒரு படிவம் தந்தார்கள். டேட்டா அழிந்தால் நிறுவனம் பொறுப்பல்ல. கீழே, பாஸ்வேர்டு எழுத ஒரு கட்டம். கீலை மாற்ற பாஸ்வேர்டு எதற்கு? "டெஸ்ட் பண்ணணும் மேடம், எல்லாரும் எழுதுவாங்க." அந்தக் கணினியில் வீட்டில் யாரும் படித்திராத கவிதைகள் இருந்தன. அதைவிட முக்கியமாக, என் ஆய்வு மாணவி பதிவு செய்த பெண்களின் பேச்சு இருந்தது. பெயர் வெளியே வராது என்று அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தோம். கட்டத்தை நிரப்பாமல் கணினியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன்.

கீல் நசுக்கியதில் திரை மினுங்கி மினுங்கி அணைந்தது. மறுநாள் துறையின் கருத்தரங்க அறை டிவியில் கேபிள் செருகி, எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் எடுத்து, கணினியிலிருந்து அழித்தேன். திருகு எதையும் கழற்றவில்லை, கழற்றினால் அதையும் காரணமாக்குவார்கள்.

அன்றிரவு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைப் படித்தேன். நுகர்வோர் யார் என்ற வரையறையில், வாங்கியவரின் ஒப்புதலோடு பொருளைப் பயன்படுத்துகிறவரும் அடக்கம். அந்தப் பிரிவிலேயே நான் புகார் செய்திருக்கலாம். என் பணத்தில் வாங்கிய பொருளை என் கணவரின் ஒப்புதலோடு பயன்படுத்துகிறவளாக! கை ஓடவில்லை. வங்கிக் கணக்கு அறிக்கையை இணைத்து, வாங்கியவள் நானே என்று எழுதினேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன். அவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை, நிறுவனத்திடம் பதில் கேட்பார்கள். அது நடக்காவிட்டால் நான் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை. கடிதத்தில் இதையும் சேர்த்தேன்.

ஒன்பதாம் நாள் அழைப்பு வந்தது, அவர் போனுக்குத்தான். "சார், உங்க லேப்டாப்..." என்று ஆரம்பித்ததும் "கம்ப்யூட்டர் அவங்களோடது" என்று என்னிடம் நீட்டினார். அந்த ஒரு வாக்கியத்தைக் கடையிலேயே சொல்லியிருக்கலாம். நானும் சொல்லியிருக்கலாம்.

பேனலைக் காசில்லாமல் மாற்றினார்கள். தயாரிப்புக் குறை என்று ஒப்புக்கொள்ளவில்லை, 'நல்லெண்ண அடிப்படையில்' என்று ஜாப் ஷீட்டில் அச்சாகியிருந்தது. பாஸ்வேர்டு கட்டத்தில் கோடு போட்டுத்தான் கொடுத்திருந்தேன். அது இல்லாமலே கணினியின் சோதனைப் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டார்கள். வாடிக்கையாளர் பெயரை மாற்றித் தரச் சொன்னேன். "சிஸ்டத்துல மாத்த முடியாது மேடம்" என்ற தம்பி, சற்று யோசித்துவிட்டு, அச்சிட்ட பெயரைப் பேனாவால் அடித்து மேலே என் பெயரை எழுதினார். ஒரு 'ர' பிழை. நானே வாங்கித் திருத்தினேன்.