தொட்டா நகர்த்தணும்!

"நான் ஒலிம்பியாட் பார்த்தவன்" என்று சொன்னால் நம்ம ஹாஸ்டலில் எவனும் நம்புவதில்லை. "டேய், அந்தப் பக்கம் போனா குமுளி, இந்தப் பக்கம் வந்தா தேனி. நீ எங்கடா ஒலிம்பியாட் பாத்தே?" என்று சிரிக்கிறார்கள். நிஜமாகவே பார்த்தேன். 2022 ஆகஸ்ட் 8, மாமல்லபுரம். 44-வது செஸ் ஒலிம்பியாட்டின் பத்தாவது சுற்று.

ரஷ்யாவில் நடக்க இருந்த போட்டி அது. உக்ரைன் போரால் இடம் மாறி நம்ம தமிழ்நாட்டுக்கு வந்தது. 1927 முதல் நடந்துவரும் ஒலிம்பியாட் இந்தியாவுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. 180 நாடுகளுக்கு மேல் வந்திருந்தன.

அப்போது நான் பத்தாம் வகுப்பு. எனக்குச் செஸ் சொல்லித் தந்தவர் செங்கல்பட்டில் வேலை பார்க்கும் என் மாமா. "டிக்கெட் எடுத்துட்டேன் மாப்ள, கிளம்பி வா" என்று போன் செய்தார். அப்பாவோ, "ரெண்டு பேரு உக்காந்து யோசிக்கிறதப் பாக்க இம்புட்டுத் தூரம் போகணுமாக்கும்?" என்றார். ஆனாலும் மாமாவுக்கு ஒரு பெட்டி பன்னீர் திராட்சை கட்டிக்கொடுத்து, கம்பத்தில் பஸ் ஏற்றிவிட்டார். பழம் நசுங்கக் கூடாதே என்று விடிய விடிய பெட்டியை மடியிலேயே வைத்திருந்தேன்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பூஞ்சேரி போனோம். வேட்டி சட்டை போட்ட குதிரை 'தம்பி' கும்பிட்டு வரவேற்றது. செல்போனை வாங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே விட்டார்கள். கிரிக்கெட் மாதிரி கூச்சலை எதிர்பார்த்துப் போன எனக்கு ஆச்சரியம்! இரண்டு அரங்குகளிலும் சேர்த்துச் சுமார் 700 பலகைகள். ஆனால் சத்தமே இல்லை. நம்ம எக்ஸாம் ஹாலிலாவது பக்கத்து பெஞ்சுக்காரன் இருமி 'சிக்னல்' கொடுப்பான்!

தூரத்திலிருந்து எட்டிப் பார்த்தேன். குகேஷ்! 16 வயது, என்னைவிட ஒரு வயசுதான் மூப்பு. இந்தியாவின் இரண்டாவது அணிக்கு முதல் பலகை. முதல் 8 சுற்றிலும் 8 வெற்றி. எட்டாவதில் வீழ்ந்தவர் அமெரிக்காவின் ஃபேபியானோ கருவானா. இன்று எதிரே உட்கார்ந்திருந்தவர் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவ். அவருக்கும் 17 தான்!

வெளியே வந்தபின் ஒரு டீக்கடை வாசலில் நின்று மாமாவின் செல்போனில் மீதி ஆட்டத்தைப் பார்த்தோம். குகேஷ் கைதான் ஓங்கியிருந்தது. ஆனால் நேரம் கரைந்துகொண்டே வந்தது. அந்த நெருக்கடியில் ஒரே ஒரு தவறான நகர்த்தல்... குதிரை போயிற்று, ஆட்டமும் போயிற்று. அணிக்கு 2-2. இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்கே தொண்டை அடைத்தது.

"ஒரே ஒரு தடவை திரும்ப எடுத்து வைக்க விட்டா என்ன மாமா?"

"தொட்டா நகர்த்தணும். வச்சது வச்சதுதான் மாப்ள" என்றார் மாமா.

மறுநாள் காலை 10 மணிக்குக் கடைசிச் சுற்று. "அவரு வரமாட்டாரு, வேற ஆளத்தான் போடுவாங்க" என்று மாமாவிடம் பந்தயம் கட்டினேன். தோற்றேன். வந்தார், அதே முதல் பலகையில் உட்கார்ந்தார், டிரா செய்தார். அணி ஜெர்மனியை 3-1 என்று வென்று வெண்கலம் வாங்கியது. தங்கம் உஸ்பெகிஸ்தானுக்கு. ஆனால் முதல் பலகைக்கான தனிநபர் தங்கம் குகேஷுக்கே! ஊர் திரும்பி ஒரு மாதம் இதையே பேசி வீட்டில் எல்லார் காதையும் புண்ணாக்கினேன்.

அப்புறம் பாலிடெக்னிக். ஃபிட்டிங் ஷாப்பில் அரம் பிடித்த முதல் வாரமே மாமா சொன்னது புரிந்தது. அளவுக்கு மேல் ராவிய இரும்பு திரும்ப ஒட்டுமா? முதல் செமஸ்டரில் மேத்ஸும் புட்டுக்கொண்டது. ரிசல்ட் பார்த்த அன்றே பையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டேன். அப்பா திராட்சைப் பந்தலில் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தார்.

"படிப்பு வேணாம்ப்பா. தோட்டத்தப் பாத்துக்கிறேன்."

அப்பா கத்திரியை நிறுத்தவில்லை. "அந்தச் செஸ் பய மறுநா வராமப் போயிருந்தா, நீ இன்னவரைக்கும் அவனப் பத்திப் பேசுவியாடா?" என்றார்.

மறுநாள் காலை ஹாஸ்டலில் இருந்தேன். அடுத்த தடவை எழுதி அந்த அரியரை முடித்தேன்.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக சாம்பியன் போட்டியின் 14-வது ஆட்டம். இந்தத் தடவை கடைசி நேரத்தில் தவறியது டிங் லிரெனின் கை. 18 வயதில் குகேஷ் உலக சாம்பியன்! ஹாஸ்டலே அதிர்ந்தது. அவரோ அழுதபடியே பலகையில் காய்களை மறுபடி வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

அரியர் வைத்திருக்கும் அருமை நண்பர்களே! வச்ச காய் திரும்ப வராது, ராவின இரும்பு ஒட்டாது. ஆனா மறுநாள் காலை நம்ம நம்பர் போட்ட நாற்காலி ஹாலில் காத்துக்கிட்டுத்தான் இருக்கும். நாமதான் போய் உட்காரணும்!