காசிமேட்டில் ஒரு படகுச் சோதனை

இராயபுரத்தை அடுத்த காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில், ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாமல் நிற்கும் அந்த 61 நாட்களில், தச்சரின் உளியோசையும் அரவை இயந்திரத்தின் இரைச்சலும் அலையோசையை அமிழ்த்திவிடும். அத்தகைய ஒரு முற்பகலில், எண்ணூர்ப் பக்கத்துக் குப்பமொன்றைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், கடன் வாங்கிய பணத்தில் பழைய ஃபைபர் படகொன்றை வாங்க உத்தேசித்து, அதைச் சோதித்துச் சொல்லும்படி முதிய மேஸ்திரி ஒருவரை அழைத்து வந்திருந்தார். அவர்களுடைய சம்மதத்தின் பேரில் நானும் உடன் சென்றேன்.

கரைமேல் ஏற்றி வைத்திருந்த அப்படகு, நீலமும் மஞ்சளுமாகப் புது வண்ணம் பூண்டு, பார்த்த மாத்திரத்தில் மனத்தைக் கவரும்படி இருந்தது. இளைஞரின் முகம் மலர்ந்ததைக் கண்ட மேஸ்திரி, "பெயின்ட்டப் பாக்காத தம்பி, சத்தத்தக் கேளு" என்று சொல்லிவிட்டு, உளியின் மரப்பிடியால் அணியத்திலிருந்து தட்டத் தொடங்கினார். நோயாளியின் முதுகில் விரல் வைத்துத் தட்டிப் பார்க்கும் வைத்தியரைப் போல, சாணுக்கு ஒரு தட்டும் தட்டுக்கு ஒரு மௌனமுமாக அவர் நகர, நல்ல இடங்களில் கணீரென்றும், கண்ணாடியிழை அடுக்குகள் பிரிந்த இடங்களில் மந்தமாகவும் ஓசை எழுந்தது. முதலில் எனக்கு விளங்காதிருந்த அந்தப் பேதம், எஞ்சின் பொருத்தும் பின்பகுதியை அவர் அடைந்தபோது என் செவிக்கும் ஸ்பஷ்டமாகப் புலனாயிற்று.

ஃபைபர் படகு மக்காது என்பது பொதுவான நம்பிக்கை. கண்ணாடியிழையும் ரெசினும் மரத்தைப் போல் மக்குவதில்லை என்பது மெய்யே. ஆனால் எஞ்சினின் கனத்தையும் அதிர்வையும் தாங்குவதற்காகப் பின்பலகைக்குள்ளும் எஞ்சின் மேடைக்குள்ளும் வைத்து மூடப்பட்ட மரம் மக்குகிறது. போல்ட்டுக்குத் துளையிட்ட இடத்தில் அடைப்பு சற்றே நெகிழ்ந்தால் போதும். உட்புகுந்த நீர் வெளியேற வழியின்றி அங்கேயே தங்கிவிடும். இதில் எனக்குப் பெரிதும் ஆச்சரியமளித்த விஷயம், கடல்நீரைக் காட்டிலும் மழைநீரே இம்மரத்துக்குக் கொடிய சத்துரு என்பதாகும். உப்பு, மரத்தைத் தின்னும் பூஞ்சையை ஓரளவு தடுத்து நிறுத்துகிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் மூடாமல் கிடக்கும் படகிலோ நன்னீர் தேங்கி, மரத்தின் ஈரம் நூற்றுக்கு 20 பங்கைத் தாண்டி, பூஞ்சைக்கு வேண்டிய சௌகரியமெல்லாம் கிட்டிவிடுகிறது.

கட்டுமரத்தில் இப்படியொரு மறைவு இல்லை. கட்டைகள் நீருண்டு கனத்தால் கயிற்றை அவிழ்த்து மணலில் உலர்த்துவார்கள். குற்றம் கண்ணுக்குப் பிரத்தியட்சம். அந்நிலை மெல்ல மாறியது. 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பெற்ற, ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பைச் சார்ந்த வங்காள விரிகுடாத் திட்டம், அலை புரளும் கரையில் ஏறி இறங்கத்தக்க படகுகளை வடிவமைத்துச் சோதித்தது. எனினும் ஃபைபர் படகுகள் இக்கரையெங்கும் பெருகியது 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர்தான். நிவாரணமாகப் படகுகள் வழங்க முன்வந்தோரின் வேகத்துக்கு ஈடுகொடுக்கப் புதுப்புதுப் பட்டறைகள் தோன்றின. மேட்டு எனப்படும் கண்ணாடியிழை விரிப்புக்கு ரெசினைச் சரிவர ஊட்டாமலும் அடுக்குகளைக் குறைத்தும் அவசரத்தில் செய்த படகுகளும் அவற்றோடு கலந்து வந்தன. எண்ணிக்கையில் காட்டிய சிரத்தையைத் தரத்திலும் காட்டியிருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

மேஸ்திரி அடிப்புறம் குனிந்து, ஏரா எனப்படும் அடிமுதுகைத் தடவிப் பார்த்தார். துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களுக்கு வடக்கே கடல் நிலத்தை அரித்துக்கொண்டே வந்தமையால், திருவொற்றியூர்க் கரையில் மணல் சுருங்கிப் பாறாங்கற்கள் குவிந்துவிட்டன; அக்கற்களில் உரசிய படகுகளின் அடியில், மேற்பூச்சு நட்சத்திர வடிவில் வெடித்திருக்கும். சில கொப்புளங்களை அவர் ஆணியால் குத்தினார். கசிந்த திரவத்தில் காடியின் நெடி வீசியது. ரெசினுக்குள் நீர் ஊறியதற்கு அதுவே சாட்சி. ஓரிடத்தில் வண்ணத்தைச் சுரண்டியதும் கறுப்புப் பிசுக்குத் தென்பட்டது. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிய எண்ணெய் பல படகுகளின்மேல் அப்படித்தான் படிந்திருந்தது. அதை முற்றும் துடைக்காமல் பூசிய எந்த ரெசினும் பிடித்து நிற்காது.

பின்னர், விற்பவரிடம் கேட்டுக்கொண்டு, பின்பலகையின் உட்புறத்தில் சிறு துளையிட்டார். உலர்ந்த மரமானால் வெளுத்த தூள் உதிர வேண்டும். துரப்பண முனையில் ஒட்டி வந்ததோ கரிய, ஈரமான சக்கை. "உள்ள முச்சூடும் ஊறிக் கெடக்குது தம்பி. மேல நாலு மேட்டு ஒட்டினா ஒரு வருஷம் நிக்கும், அப்புறம் எஞ்சினோட பிச்சுக்கினு பூடும்" என்றார். துளையைத் தாமே அடைத்துக் கொடுத்தார்.

"அப்ப வேணாமாண்ணா?" என்றார் இளைஞர். "வேணாம்பா."

பலகையைப் பெயர்த்துப் புதிது வைக்கும் வேலை நடந்திருந்தால் அம்மேஸ்திரிக்குப் பல நாள் கூலி கிடைத்திருக்கும். சோதனைக்கென்று தனிக்கூலி அவர் கேட்கவில்லை. படகைச் செப்பனிட்டுப் பெறும் கூலியும் எளிதில் வருவதன்று. அரைக்கையில் பறக்கும் கண்ணாடித் தூள் தோலில் ஏறி அரிக்கிறது. ரெசினிலிருந்து எழும் ஸ்டைரீன் ஆவியைப் பெரும்பாலும் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2018-இல் வகைப்படுத்தியிருக்கிறது. எங்களருகே வேலை செய்துகொண்டிருந்தவர்களோ வாயில் துண்டைக் கட்டியிருந்தார்கள், அவ்வளவே.

பழைய படகு வாங்க எண்ணும் அன்பர்கள், மழை ஓய்ந்த தை மாசியில், வண்ணம் பூசுமுன் படகைப் பாருங்கள். எஞ்சினைக் கழற்றச் சொல்லிப் பின்பலகையைத் தட்டிப் பாருங்கள். தேர்ந்த மேஸ்திரி ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். படகு வாங்கினாலும் வாங்காவிட்டாலும், சோதித்ததற்குரிய கூலியை அவருக்குத் தனியே கொடுத்துவிடுங்கள்.