ஹெரால்டும் மாருதி சாமான்களும்

போன மாதம் கீழப்பழுவூர் கடைத்தெருவில் வண்டியை நிறுத்திவிட்டுக் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரு இளைஞர் பைக்கை ஓரங்கட்டி வந்து, வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "ஐயா, எல்லாம் ஒரிஜினலா?" என்று கேட்டார். "பாதி ஒரிஜினல் தம்பி" என்றேன். அவர் முகம் சட்டென்று வாடிவிட்டது. செல்பேசியில் படம் எடுக்க நினைத்தவர் எடுக்காமலே போய்விட்டார். அந்த இன்னொரு பாதி எப்படி வந்தது என்பதைத்தான் இன்று எழுதுகிறேன்.

வண்டி 1966-ஆம் வருஷத்து ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. இரண்டு கதவு. நம் வயதுக்காரர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு என்று மூன்றே கார்கள் ஓடிய காலத்தில் மூன்றாவது நம் ஊர் வண்டி. மதராஸில் 1948-ல் தொடங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி, வண்டலூர் பக்கம் தொழிற்சாலை போட்டு 1961 முதல் இதைச் செய்தது. இங்கிலாந்தில் இதற்கு டிரையம்ஃப் ஹெரால்டு என்று பெயர். அங்கே 1959-ல் வந்தது. வடிவமைத்தவர் மிக்கலாத்தி என்ற இத்தாலியர்.

இதை ஸ்போர்ட்ஸ் கார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் 1962-ல் வந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற பேர்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார், ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி வெட்டித்தான் செய்யப்பட்டது. அதையும் வரைந்தவர் மிக்கலாத்திதான். ஆக என் வண்டி பந்தயக்காரனின் அண்ணன், குடும்பஸ்தன்.

அடிச்சட்டம் என்று நான் எழுதியதை நம் மெக்கானிக்குகள் சேசிஸ் என்பார்கள். காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அது 'ஷாஸி'. கராஜ், ஷோஃபர் எல்லாமே பிரெஞ்சுக்காரன் கொடுத்த சொற்கள்தான். இதைச் சொன்னால் எங்கள் ஊர் மெக்கானிக் தம்பி, "அப்ப காரைக் கண்டுபிடிச்சதும் உங்க ஆளுங்கதானா சார்?" என்று கிண்டல் செய்வான்.

மற்ற கம்பெனிகள் அடிச்சட்டத்தையும் உடலையும் ஒன்றாகச் சேர்த்துச் செய்ய ஆரம்பித்த காலத்தில், இவர்கள் மட்டும் தனிச் சட்டம் வைத்ததற்குக் காரணம் உண்டு. ஸ்டாண்டர்டுக்கு உடல் தகடு அடித்துக் கொடுத்த கம்பெனியைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. அதனால் உடலைத் துண்டு துண்டாக வெவ்வேறு இடங்களில் அடித்து, சட்டத்தின் மேல் போல்ட் போட்டு முடுக்கினார்கள். அவர்களுடைய கஷ்டம் நமக்கு வசதியாகப் போயிற்று. பானெட் முழுவதும், மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டு எஞ்சின் வேலை பார்க்கலாம். வண்டி திரும்ப 25 அடி இடம் போதும். நம் சன்னதித் தெருவிலேயே ஒரே வளைப்பில் திருப்பிவிடுவேன்.

1984-ல் திருச்சியில் ஒரு டாக்டர் புதிதாக வந்த மாருதி வாங்கியபோது இதை எனக்குக் கொடுத்தார். ஜி.பி.எஃப்.பில் முன்பணம் எடுத்து வாங்கினேன். ஒரு குமாஸ்தா கார் வாங்குவதென்றால் சும்மாவா? அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்து, "இந்தச் சம்பளத்தில் எப்படி?" என்ற கேள்விக்கும் எழுத்தில் பதில் கொடுத்த பிறகுதான் வண்டி வாசலுக்கு வந்தது.

முதலில் மாற்றியது டைனமோ. வண்டி மெதுவாகப் போனால் டைனமோ கரண்டு தராது. ரயில்வே கேட்டில் நின்றால் முன்விளக்கு மெழுகுவத்தி மாதிரி மங்கும். 2009-ல் அதைக் கழற்றிவிட்டு மாருதி 800-க்கு வரும் ஆல்டர்னேட்டரைப் போட்டோம். பிடிப்புத் தகடு ஒன்றை லேத்தில் செய்தால் போதும், அரை நாள் வேலை என்று நினைத்தோம். ஆனால் அந்தக் காலத்து இங்கிலீஷ் வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடலோடு சேர்ந்திருக்கும். இப்போதைய வண்டிகளில் நெகடிவ். ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடுகள் மின்சாரத்தை ஒரு பக்கமாகத்தான் விடும். அதனால் பேட்டரியைத் திருப்பி வைத்தோம், காயில் ஒயர்களை மாற்றினோம், அம்மீட்டர் ஒயர்களையும் மாற்றினோம். நன்றாகவே ஓடியது. இரண்டு மாதம் கழித்து, சார்ஜுக்குக் கொண்டுபோன பேட்டரியை மாட்டிய பையன், பழைய பெயின்ட் அடையாளத்தைப் பார்த்து அதன்படியே மாட்டிவிட்டான். டப்பென்று ஒரு சத்தம், புகை, ஆல்டர்னேட்டர் போயிற்று. பையன் மேல் தப்பில்லை. அடையாளத்தை அழிக்காமல் விட்டது நான். இப்போது அந்த இடத்தில் சிவப்பு எழுத்தில் 'உடல் = நெகடிவ்' என்று நானே எழுதி வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு எதையும் மாற்றுவதில்லை என்று பிடிவாதமாக இருந்தேன். கண்ணாடி கீறினால்கூடப் பழைய சாமான் தேடி மவுண்ட் ரோடு, புதுப்பேட்டை என்று அலைந்தவன் நான். ஒன்றே ஒன்று, ஒரிஜினலே கிடைக்க வேண்டும் என்பேன்.

அந்தப் பிடிவாதம் 2018-ல் ஒரு சாயங்காலம் உடைந்தது.

அரியலூரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். பின் சீட்டில் பேத்தி, அப்போது ஆறு வயது, கையில் பலூன். அந்த ரோட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுண்ணாம்புக்கல் லாரியும் சிமென்ட் லாரியும் ஒன்றன் பின் ஒன்றாகப் போகும். முன்னால் போன லாரி திடீரென்று நின்றது. நான் பிரேக்கை மிதித்தேன். மிதி தரைக்குப் போயிற்று. பஞ்சை மிதித்த மாதிரி ஒரு உணர்வு. இன்னொரு தடவை மிதித்தேன், ஒன்றுமில்லை. லாரியின் பின் பலகையில் எழுதியிருந்த எழுத்துகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. ஹேண்ட் பிரேக்கை இழுத்துக்கொண்டே இடது பக்கம் ஒடித்தேன். வண்டியின் பின்பக்கம் ஒரு பக்கமாக எழும்பி ஆடியது. சீமைக் கருவேலம் புதரில் போய் நின்றோம். பலூன் முள்ளில் பட்டு வெடித்தது. பேத்தி அந்தச் சத்தத்துக்குத்தான் அழுதாள்.

இறங்கிப் பார்த்தால், பின் சக்கரத்துக்குப் போகும் ஒரு ரப்பர் குழாய் கிழிந்து பிரேக் ஆயில் முழுதும் ஊற்றியிருந்தது. பின் சக்கரத்துக் குழாய் கிழிந்தால் முன் பிரேக்காவது பிடிக்க வேண்டாமா? பிடிக்காது. நாலு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் வழி. எங்கே ஓட்டை விழுந்தாலும் நாலும் போச்சு. அந்தக் காலத்தில் எல்லாக் கார்களும் ஏறக்குறைய அப்படித்தான். அன்று ரோட்டில் இத்தனை லாரி இல்லை, இந்த வேகமும் இல்லை.

அன்று ராத்திரி என் மகள் என்னோடு பேசவில்லை. காலையில் காபி கொடுத்துவிட்டு, "அப்பா, அந்த வண்டில இனிமே புள்ளய ஏத்தாதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

மெக்கானிக் தம்பியிடம் போனேன். "தம்பி, என்ன வேணும்னாலும் மாத்து. நிக்கணும்" என்றேன்.

பிரேக் வேலை ஐந்து வாரம் ஆயிற்று. முதலில் ஆயில் வழியை இரண்டாகப் பிரிக்கும் புது மாஸ்டர் சிலிண்டர். முன் சக்கரங்களுக்கு ஒன்று, பின் சக்கரங்களுக்கு ஒன்று. ஒன்று போனாலும் மற்றொன்று பிடிக்கும். பிறகு முன் சக்கரங்களில் டிரம்முக்குப் பதில் மாருதியின் டிஸ்க். சக்கரம் மாட்டும் நான்கு துளைகளின் இடைவெளி இரண்டுக்கும் வேறு. திருச்சியில் ஒரு லேத் பட்டறையில் டிஸ்கில் துளை மாற்றி, தடிமனான இரும்புத் தகட்டில் இணைப்பு செய்து கொடுத்தார்கள். டிஸ்க் பிரேக்கை அழுத்தமாக மிதிக்க வேண்டும். எழுபதை நெருங்கும் என் முழங்காலுக்காக பூஸ்டர் ஒன்றும் வைத்தோம். எல்லா ரப்பர் குழாயும் புதிது. காலி ரோட்டில் வைத்து நாற்பது வேகத்தில் மிதித்துப் பார்த்தோம். மெக்கானிக் தம்பியின் நெற்றி கண்ணாடியில் மோதப் பார்த்தது.

இந்த டிஸ்க்கை மாட்டும்போது எனக்கு இருந்த மனக்குறை, பிறகு படித்துத் தெரிந்துகொண்டதில் போய்விட்டது. ஸ்பிட்ஃபயருக்கு ஆரம்பத்திலிருந்தே முன்பக்கம் டிஸ்க்தான். தம்பிக்குப் போட்டதை அண்ணனுக்குப் போட்டால் என்ன? அன்று பின்பக்கம் எழும்பி ஆடியதே, அதுவும் இந்த வண்டியின் பிறவிக் குணம். பின் அச்சு இரண்டாகப் பிரிந்து ஊஞ்சல் மாதிரி ஆடும். சட்டென்று ஒடித்தால் சக்கரம் உள்ளே மடங்கும். ஸ்பிட்ஃபயரிலேயே 1970-ல் அதைத் திருத்தினார்கள். இங்கே நம் கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. இங்கிலாந்தில் இல்லாத நாலு கதவு ஹெரால்டு செய்தது நம்மவர்கள்தான். செய்தவர்களே மாற்றிக்கொண்டிருந்த வண்டியில் எதை ஒரிஜினல் என்பது?

இதற்கு நேர்மாறான கூத்தும் அதே கம்பெனியில் நடந்தது. 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒரு பெரிய கார் விட்டார்கள். உடல், இங்கிலாந்தில் பரிசு வாங்கிய ரோவர் காருடையது. உள்ளே வைத்த எஞ்சினோ, நாற்பதுகளில் வந்த வேன்கார்டு எஞ்சினின் வம்சம். அதே வம்சத்து எஞ்சின்தான் ஃபெர்குசன் டிராக்டரிலும் ஓடியது, டி.ஆர்.2 என்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் ஓடியது. உழவுக்கும் பந்தயத்துக்கும் உதவிய நல்ல எஞ்சின்தான். ஆனால் அந்தக் கனமான உடலை இழுக்கத் திணறியது. மூன்று வருஷத்தில் கதை முடிந்தது. புது வண்டியில் பழைய எஞ்சின் வைத்தவர்கள் அவர்கள். பழைய வண்டியில் புது எஞ்சின் வைக்கலாம் என்று சொன்னவர் என் மாப்பிள்ளை.

2021-ல் எஞ்சின் புகை விட ஆரம்பித்தபோது அவர், "மாமா, எதுக்கு இதுக்குச் செலவு பண்றீங்க? ஆம்னி எஞ்சின், கியர் பாக்ஸோட கிடைக்குது. அதுவும் பின் சக்கரம் இழுக்கிற வண்டி, அப்படியே உக்காந்துடும்" என்றார். தப்பான யோசனை இல்லை. 948 சி.சி. ஹெரால்டு எஞ்சினின் குதிரைச் சக்தியும் 796 சி.சி. மாருதியின் சக்தியும் ஏறக்குறைய ஒன்றேதான், பெட்ரோலும் மிச்சம்.

"மாப்ள, ஆர்.சி. புக்குல எஞ்சின் நம்பர் இருக்குல்ல, அத என்ன பண்றது?" என்றேன்.

முப்பத்தைந்து வருஷம் ஃபைல் பார்த்தவனின் புத்தி அங்கேதான் போகும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து பதிவு விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே 2021-ல் ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிகளுக்குத் தனிப் பதிவு என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. கட்டணம் 20,000 ரூபாய், நம்பரில் 'வி.ஏ.' என்று வரும். ஆனால் எஞ்சின், சட்டம், உடல் மூன்றிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. கண்காட்சிக்கும் ராலிக்கும் ஓட்டலாம். அன்றாடம் ஓட்டக் கூடாது. அந்த நம்பர் பலகை மேல் எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் காய்கறி வாங்கப் போக முடியாத வண்டி எனக்கு எதற்கு? ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை எஃப்.சி. காட்டிப் புதுப்பித்துக்கொண்டு சாதாரண வண்டியாகவே வைத்திருக்கிறேன்.

எஞ்சினை ரீபோர் செய்தோம். ஹெட்டைத் திறந்தபோது வால்வு சீட்டுகள் குழிந்திருந்தன. 2000-லிருந்து பெட்ரோலில் ஈயம் கிடையாது; அந்த ஈயம்தான் பழைய எஞ்சின்களில் வால்வு சீட்டைத் தேயாமல் காத்தது. கடினமான சீட்டு வளையங்களை இறக்கிப் போட்டோம். இப்போது 20 சதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வருவதால், எரிபொருள் குழாய்களையும் பம்பின் ரப்பர் தகட்டையும் அதைத் தாங்கும் சாமானாக மாற்றியாயிற்று. பாயின்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன். மழைக்காலத்திலும் ஒரே சாவியில் எழுந்துவிடுகிறது. எஞ்சின் நம்பர் மட்டும் அதேதான்.

கழற்றிய டைனமோ, முன் டிரம்கள், பழைய மாஸ்டர் சிலிண்டர், பாயின்ட் செட் எல்லாவற்றையும் எண்ணெய் தடவிச் சாக்கில் கட்டிப் பரணில் வைத்திருக்கிறேன். எதை எங்கிருந்து எந்தத் தேதியில் கழற்றினேன் என்று ஒரு நோட்டிலும் எழுதியாயிற்று. நாளைக்கு யாராவது ஒரிஜினல்தான் வேண்டும் என்றால் திருப்பி மாட்டிக்கொள்ளலாம்.

பிரேக் மாற்றி எட்டு மாதம் கழித்து மகளே ஒரு நாள் பேத்தியைப் பின் சீட்டில் உட்கார வைத்தாள். ஆலந்துறையார் கோயிலுக்குப் போய்வந்தோம். இப்போது மெக்கானிக் தம்பியிடம் வண்டி மறுபடியும் நிற்கிறது. பின் சீட்டுக்குத் தோள்பட்டை பெல்ட் மாட்ட, சட்டத்தில் எங்கே போல்ட் போட்டால் தாங்கும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறான்.