எஞ்சியிருந்த பயணம்

தொடங்கியவராலேயே முடிக்கப்படாத பயணங்கள் உள. அவர் விட்ட இடத்திலிருந்து வேறொருவர் அதனைத் தொடரவேண்டியதாகின்றது. 2023 ஓகஸ்ட் மாதத்தில் என் தம்பியும் நானும் வவுனியாவிலிருந்து கொக்குவில்வரை துவிச்சக்கரவண்டியில் வந்தது அத்தகையதொரு பயணமே.

தம்பிக்கு அப்போது வயது பதினைந்து. அவன் ஓடிவந்தது அப்பாவின் வண்டி. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஊரைவிட்டு வெளியேறியபோது, அவ்வண்டியின் கரியரில் அப்பாச்சியை இருத்தி, பாரில் அரிசிப்பையைக் கட்டிக்கொண்டு அப்பா நாவற்குழிப் பாலத்தைக் கடந்தார். ஆனையிறவுப் பாதை அன்று மூடப்பட்டிருந்தமையால், அடுத்த ஆண்டு கிளாலிக் கடனீரேரியைப் படகிற் கடந்து வன்னிக்குச் சென்றார். வண்டியும் படகில் ஏறியது. மின்சாரமில்லாத அந்நாட்களில் வண்டியைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுழற்றியே வானொலிச் செய்தி கேட்டார்களாம்.

பின்னர் வவுனியாவில் அப்பாவுக்குத் திருமணம் நடந்தது, நான் பிறந்தேன். 2002இல் ஏ-9 பாதை திறக்கப்பட்டதும் கைக்குழந்தையான என்னுடன் பெற்றோர் பேருந்தில் ஊர் திரும்பினர். வண்டி மாமி வீட்டில் நின்றுவிட்டது. “பிறகு வந்து ஓடிக்கொண்டு போறன்” என்றாராம் அப்பா. 2006இல் பாதை மீண்டும் மூடப்பட்டது. தம்பி பிறந்தது அப்பாதை மூடியிருந்த 2008இல். போர் முடிந்து பாதை திறந்த பின்னரோ, வேலையும் வீட்டுச் சுமையும் பின்னர் நோயும் குறுக்கே வந்தன. 2022இல் அப்பா காலமானார்.

ஆட்டைத் திவசத்துக்கு வந்திருந்த மாமி, வண்டியை லொறியில் ஏற்றி அனுப்புவதாகக் கூறினார். அப்பாவின் மறைவுக்குப் பின் எவருடனும் அதிகம் பேசாதிருந்த தம்பி, “ஏத்த வேண்டாம் மாமி. நான் ஓடிக்கொண்டு வாறன்” என்றான். அம்மா உடனே இணங்கவில்லை. அக்காவும் கூடச் சென்றாற்றான் சம்மதம் என்று இறுதியில் கூறினார். எனது வண்டியைப் புகையிரதத்தில் வவுனியாவுக்கு அனுப்பினோம். அப்பாவின் வண்டிக்கு ரயர், ரியூப், சங்கிலி, பிறேக் கட்டை யாவும் புதிதாக மாற்றப்பட்டன. வெடித்துப்போன தோல் இருக்கையை மாற்ற மட்டும் தம்பி இடந்தரவில்லை.

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம்வரை 321 கிலோமீற்றர் நீளும் அப்பாதையில் எமது பங்கு ஏறத்தாழ 140 கிலோமீற்றர். நான் வரலாற்றைச் சிறப்புப் பாடமாகப் பயில்பவள். தம்பிக்கு வழிநெடுக வரலாறு போதிக்கலாமென்பது என் எண்ணமாயிருந்தது. ஓமந்தையிலும் மாங்குளத்திலும் நிறுத்தி, ஆண்டுகளையும் சம்பவங்களையும் அடுக்கிக் கூறினேன். அவன் தலையசைத்தான்; கேள்வி ஒன்றேனும் கேட்கவில்லை. முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட்டுக் கச்சான் வாங்கினோம். அன்றிரவு கிளிநொச்சியில் சின்னம்மா வீட்டில் தங்கினோம்.

மறுநாள் ஆனையிறவு வெளியிற் சோளகக் காற்று எம்மை ஒருபுறமாகத் தள்ளியது. பளை தாண்டியதும் என் கால்கள் இறுகத் தொடங்கின. கொடிகாமத்தில் வண்டியைச் சாத்திவிட்டு, மிகுதித் தூரத்துக்குப் புகையிரதத்தைப் பார்ப்போமா என்று கேட்டேன். அவன் மறுக்கவில்லை. தண்ணீர்ப் போத்தலை என்னிடம் நீட்டி, சிறிது நேரம் பேசாதிருந்தான். பின்னர், “எனக்குப் பின்னால வாங்கோ அக்கா, காத்துப் படாது. நான் மெதுவா ஓடுறன்” என்றான். முதல்நாள் முழுவதும் முன்னே சென்றவள் நான். அதன்பின் அவன் முதுகைப் பார்த்தே சாவகச்சேரியையும் கைதடியையும் கடந்தேன்.

நாவற்குழிப் பாலத்தை அண்மியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தம்பி திடீரென இறங்கினான். காற்றுப் போய்விட்டதோ என அஞ்சினேன்.

“அப்பா இதிலை ஓடேல்லை அக்கா, உருட்டினவர். சனத்துக்குள்ள ஓட ஏலாது. மழை வேறை. விடிய விடிய உருட்டினவராம். அப்பாச்சி மட்டும் ஒவ்வொரு அடிக்கும் திரும்பிப் பார்த்தவவாம். அப்பா பார்க்கேல்லையாம். பார்த்தால் கால் நகராது எண்டு.”

நான் திகைத்தேன். இவ்விடயம் எனக்குத் தெரியாது. எப்போது கூறினாரென வினவினேன். நோயுற்றிருந்த இறுதி மாதங்களில், மாலை வேளைகளில் கூறியதாகச் சொன்னான். அம்மாதங்களில் நான் பல்கலைக்கழக விடுதியிற் பரீட்சைக்காக இடப்பெயர்வு பற்றிய குறிப்புகளை மனனஞ் செய்துகொண்டிருந்தேன். அதனூடே நடந்து வந்தவர் எமது வீட்டுக் கட்டிலிற் படுத்திருந்தார். அவரிடம் ஒரு கேள்விதானும் கேட்க எனக்குத் தோன்றவில்லை. போதிக்கப் புறப்பட்டவள் நான், அறிந்திருந்தவனோ அவன்.

இருவரும் வண்டிகளை உருட்டியே பாலத்தைக் கடந்தோம். அப்பாவுக்கு ஓர் இரவு பிடித்த வழி எமக்குச் சில நிமிடங்களிற் கழிந்தது. அக்கரையில் தம்பி சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். வியர்வையா, கண்ணீரா என்று நான் கேட்கவில்லை. அங்கிருந்து கொக்குவில்வரை அவன் அப்பாவைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான். ஓராண்டாகப் பேசாதிருந்தவற்றையெல்லாம் பேசினான். நான் அவனருகே ஓடியபடி கேட்டுக்கொண்டு வந்தேன்.

அம்மா படலையில் நின்றார். எம்மைப் பார்க்குமுன் வண்டியின் கைபிடியைத் தடவிப் பார்த்தார். பின்னர், “முகம் கழுவிப்போட்டு வாங்கோ, தேத்தண்ணி ஆறப்போகுது” என்றார். வேறெதுவும் கூறவில்லை.

அப்பா 1995இல் தொடங்கிய பயணத்தில் வீடு திரும்பாது எஞ்சியிருந்தது அவ்வண்டி ஒன்றே. இருபத்தெட்டு ஆண்டுகளின் பின் அதுவும் வந்து சேர்ந்தது. அதனை வீட்டில் நினைவுப்பொருளாக வைக்கவேண்டுமென நான் கருதியிருந்தேன். மறுநாட் காலை தம்பி சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, ரியூசனுக்கு நேரமாகிவிட்டதென்று அதிலேயே ஏறிச் சென்றான்.